லோடு எவ்வளவு தம்பி?

இந்த வாரம் ஸ்பேனரைக் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு ஒரு நடுராத்திரிக் கதை சொல்லப் போறேன். பேய்க் கதை இல்லீங்க. ஆனா, எந்தப் பேய்க் கதைக்கும் நான் அப்படி நடுங்கினது இல்லை. காரணம், குளிர்!

2019 நவம்பர். அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், பீனிக்ஸ் நகரம். வேலை விஷயமா ஆறு மாசம் அங்கே இருந்தேன். என் காலேஜ் ரூம்மேட்டும் அதே ஊர்லதான் குப்பை கொட்டிக்கிட்டு இருந்தான். ரெண்டு பேருமே ட்ரிபிள் ஈ. அரியர் வெச்சாலும் கடைசியில கிளியர் பண்ணின மானஸ்தர்கள். ஒரு நாள் போன் பண்ணி, ‘மச்சி, வீடு வாங்கிட்டேன்டா’ன்னான். அடிச்சுப் பிடிச்சு ஓடினா, வாசல்ல ஒரு பழைய பிக்கப் டிரக் நிக்குது. அதன் முதுகுல ஒரு குட்டி வீடு உட்கார்ந்திருக்கு.

அதுக்குப் பேர் டிரக் கேம்பர். நம்ம ஊர் குட்டி யானை வண்டியின் பின்பக்கம் சாமான் ஏத்துற தொட்டி இருக்கு இல்லையா? அந்த இடத்துல ஒரு மினி வீட்டையே தூக்கி வெச்சா எப்படி இருக்கும்? டிரைவர் தலைக்கு மேல படுக்கை, ஒரு டேபிள், கேஸ் அடுப்பு, சிங்க், குட்டி ப்ரிட்ஜ், கேஸ்ல ஓடுற ரூம் ஹீட்டர், எல்லாமே உண்டு. வேணும்னா நாலு ஜாக்கி போட்டு வீட்டைக் கழட்டி நிறுத்திட்டு, டிரக்கை மட்டும் ஓட்டிக்கிட்டுப் போகலாம். அமெரிக்காவுல காட்டுக்குள்ளயும் பாலைவனத்துலயும் போய்த் தங்குறவங்களுக்கு இது ரொம்பப் பிடிச்ச வண்டி. அங்கே பிளக் பாயின்ட் கிடையாது. நம்ம கரன்ட்டை நாமதான் கொண்டுபோகணும்.

நண்பன் வாங்கின வண்டியில எலெக்ட்ரிக்கல் வேலை மொத்தமும் பாழ். ‘நாம ரெண்டு இன்ஜினீயர் இருக்கோம்டா. ஒரு வீக் எண்ட் போதும்’னு களத்துல குதிச்சோம். கடைக்குப் போனோம். 12 வோல்ட் 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரி ஒண்ணு, ஒரு இன்வெர்ட்டர், ஒரு கட்டு 4 ஸ்கொயர் எம்.எம். வயர். டிரக் ஓடும்போது சார்ஜ் ஏறணுமே? முன்னாடி இன்ஜின் பேட்டரியிலிருந்து பின்னாடி வீட்டு பேட்டரி வரைக்கும் நேரா ஒரு வயரை இழுத்து இணைச்சோம். ஸ்விட்சைப் போட்டதும் லைட் எரிஞ்சுது. ப்ரிட்ஜ் ஓடுச்சு. ஹைஃபைவ் அடிச்சுக்கிட்டோம்!

அப்போ பின்னாடியிலிருந்து ஒரு குரல்.

“லோடு எவ்வளவு தம்பி?”

நண்பனோட அப்பா. மகனைப் பார்க்க ஊர்லேருந்து வந்திருந்தார். மின்வாரியத்துல லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர். அமெரிக்காவுல இருந்தாலும் சட்டைப் பையில டெஸ்டர் இருக்கும்.

“அதெல்லாம் 12 வோல்ட்தான் அப்பா. ஷாக்கே அடிக்காது” என்றேன், பெரிய மேதை மாதிரி.

“வோல்ட்டைக் கேக்கலப்பா. லோடு எவ்வளவுன்னு கேட்டேன். அப்புறம், இதுல ப்யூஸ் எங்கே இருக்கு?”

“அப்பா, நீங்க சும்மா இருங்கப்பா. ப்யூஸ் அப்புறம் போட்டுக்கலாம்” என்றான் மகன். அவர் ஒண்ணும் பேசலை. டெஸ்டரைப் பையில சொருகிக்கிட்டு உள்ளே போயிட்டார்.

ராத்திரி மூணு மணி

அடுத்த சனிக்கிழமை மூணு பேரும் கிராண்ட் கேன்யன் கிளம்பினோம். பீனிக்ஸிலிருந்து சுமார் 370 கிலோமீட்டர். பீனிக்ஸ் இருப்பது கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் சொச்சம் உயரத்துல. நவம்பர்ல கூட டி-ஷர்ட் போட்டுக்கலாம். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்போ 2,100 மீட்டர் உயரம். ஊட்டியைவிடக் கொஞ்சம்தான் குறைச்சல். பக்கத்துல இருக்கிற கைபாப் தேசியக் காட்டுல வண்டியை நிறுத்தித் தங்க அனுமதி உண்டு. பைன் மரங்களுக்கு நடுவுல நிறுத்திட்டு, சாம்பார் சாதம் சாப்பிட்டு, லேப்டாப்ல ஒரு படமும் பார்த்துட்டுப் படுத்தோம்.

ஹீட்டர் ‘உஸ்ஸ்’னு ஓடிக்கிட்டு இருந்தது. ராத்திரி மூணு மணிக்கு அந்தச் சத்தம் நின்னுடுச்சு.

கேஸ் சிலிண்டர் ஃபுல். ஆனா ஹீட்டர் எரியலை. ஏன் தெரியுமா? எரியறதுதான் கேஸ். அந்தச் சூட்டை ஊதித் தள்ள ஒரு ஃபேன் வேணும், அது ஓட கரன்ட் வேணும். ஃபேன் வேகம் குறைஞ்சா, காத்து போதாதுன்னு ஒரு குட்டி ஸ்விட்ச் கண்டுபிடிச்சு கேஸையே திறக்க விடாது. பாதுகாப்புக்காக அப்படி. பேட்டரி காலி. ஹீட்டர் காலி. வெளியே பூஜ்யத்துக்கும் கீழே குளிர்.

‘பரவால்ல, டிரக்கை ஸ்டார்ட் பண்ணி முன் சீட்ல ஹீட்டர் போட்டுக்கலாம்’னு ஓடினோம். சாவியைத் திருப்பினா... ‘டிக்... டிக்...’ அவ்வளவுதான்! ரெண்டு பேட்டரியையும் நேரா வயர் போட்டு இணைச்சோமே, ஞாபகம் இருக்கா? பின்னாடி பேட்டரி தீரத் தீர, முன்னாடி பேட்டரியையும் சேர்த்தே உறிஞ்சிடுச்சு. ரெண்டு இன்ஜினீயர் சேர்ந்து செஞ்ச ஒரே வயர், வீட்டையும் அணைச்சுது, வண்டியையும் முடக்கிடுச்சு.

எழுபதை நெருங்கின அப்பா கம்பளிக்குள்ள நடுங்கிக்கிட்டு இருந்தார். நண்பன் பதறிப்போய் கேஸ் அடுப்பைப் பத்த வைக்கப் போனான். அப்பா அவன் கையைத் தட்டிவிட்டார். “மூடின ரூம்ல அடுப்பை எரிச்சுக்கிட்டுத் தூங்குவியா? தூங்கினவன் எந்திரிக்க மாட்டான்டா.” கார்பன் மோனாக்ஸைடு. வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. அதை நாங்க புக்ல படிச்சிருந்தோம். அவர் எங்கேயோ பார்த்திருக்கார்.

இருந்த எல்லாத் துணியையும் போட்டுக்கிட்டு, அப்பாவை நடுவுல உட்கார வெச்சு, விடியற வரைக்கும் உட்கார்ந்தே இருந்தோம். காலையில கொஞ்ச தூரத்துல தங்கியிருந்த ஒரு அமெரிக்கப் பெரியவர் வந்து, அவர் வண்டியிலிருந்து கேபிள் போட்டு எங்க டிரக்கை உசுப்பிவிட்டார்.

திரும்பி வந்ததும் அந்த வயரை உருவி எடுத்தோம். அப்பா அதை வாங்கி விரலால் தடவிக்கிட்டே வந்தவர், ஓர் இடத்துல நிறுத்திக் காட்டினார். டிரக் தொட்டியின் இரும்பு ஓரத்துல உரசி உரசி, பிளாஸ்டிக் தோல் கிழிஞ்சு செம்பு பளபளன்னு தெரிஞ்சுது. இன்னும் கொஞ்சம் நகர்ந்து இரும்பைத் தொட்டிருந்தா ஷார்ட். இன்ஜின் பேட்டரி ஷார்ட் ஆனா ஆயிரம் ஆம்பியர்கூட சர்வசாதாரணமாப் பாயும். அந்த வயர் அடுப்புக் கம்பி மாதிரி பழுத்திருக்கும். அதுக்கு மேலதான் நாங்க மூணு பேரும் படுத்திருந்தோம்.

“இதுக்குத்தான் ப்யூஸ் எங்கேன்னு கேட்டேன்” என்றார். அவ்வளவுதான். திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு.

ஒரு நோட்டு, ஒரு பேனா

ரெண்டாவது தடவை ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே அப்பா விடலை. ஒரு நோட்டைக் கொடுத்தார். ‘எதெது ஓடணும், எத்தனை வாட், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்’ மூணு காலம் போட்டோம். பெருக்கினா வாட்-அவர். ஒரு குளிர்கால நாளுக்கான கணக்கு இதோ:

எல்.இ.டி. லைட் 4 (ஒவ்வொண்ணும் 3 வாட், 4 மணி நேரம்): 48
ப்ரிட்ஜ் (45 வாட், 24 மணி நேரத்துல 40 சதவிகிதம்தான் ஓடும்): 432
ஹீட்டர் ஃபேன் (84 வாட், விட்டு விட்டு 5 மணி நேரம்): 420
தண்ணி மோட்டார் (60 வாட், கால் மணி நேரம்): 15
மொபைல் 3: 45
லேப்டாப் (60 வாட், 3 மணி நேரம்): 180
கேஸ் கசிவு அலாரம் (1 வாட், நாள் முழுக்க): 24

மொத்தம் 1,164. இன்வெர்ட்டர் தின்கிற நஷ்டத்தையும் சேர்த்து 1,200 வாட்-அவர்னு வெச்சுக்குவோம். ஆயிரம் வாட்-அவர்தான் ஒரு யூனிட். அதாவது 1.2 யூனிட்! ரெண்டு மாசம் ஓட்டினாலும் 72 யூனிட்தான். 2016-ல தமிழ்நாட்டு வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு அறிவிச்சாங்களே, அதுக்குள்ளேயே ஒரு குடும்பம் நடத்திடலாம்.

இப்போ எங்க பழைய பேட்டரியைப் பாருங்க. 12 வோல்ட்டை 100 ஆம்பியர்-அவரால பெருக்கினா 1,200. ‘அட, கரெக்டா இருக்கே!’ன்னு தோணும். அங்கதான் வில்லங்கம். லெட் ஆசிட் பேட்டரியை அடிக்கடி பாதிக்கும் கீழே இறக்கினா அதன் ஆயுள் மளமளன்னு குறையும். அதனால கணக்குல வெச்சுக்க வேண்டியது 600. பூஜ்யம் டிகிரி குளிர்ல அதுலயும் ஒரு பங்கு குறையும். ராத்திரி மூணு மணிக்கு ஏன் படுத்துச்சுன்னு கண்டுபிடிக்க டிடெக்டிவ் தேவையே இல்லை. நோட்டுல மூணு காலம் போட்டிருந்தா, பீனிக்ஸ்லயே தெரிஞ்சிருக்கும்.

நண்பன் மெதுவா, “அப்படியே ஒரு ரைஸ் குக்கரும் சேர்த்துக்கலாமாப்பா?”ன்னான். 700 வாட், அரை மணி நேரம்: 350. ஒரு வேளை சோத்துக்கு, ஒரு ராத்திரி ஹீட்டர் ஃபேனுக்கு ஆகுற கரன்ட்ல ஆறுல அஞ்சு பங்கு! சூடு பண்ற எந்தச் சாமானும் பேட்டரிக்கு எமன். அந்த வேலையை கேஸ்கிட்ட விட்டுட்டோம். பிரஷர் குக்கர் ஜெயிச்சுது. அந்த உயரத்துல தண்ணி 93 டிகிரியிலேயே கொதிச்சுடும். குக்கர் இல்லேன்னா பருப்பு வேகவே நேரமாகும்.

அடுத்து பேட்டரி. வெயிலே வராத ஒரு நாளையும் தாங்கணும்னு முடிவு பண்ணினோம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-அவர். மொத்தம் 2,560 வாட்-அவர். 80 சதவிகிதம் தாராளமா எடுத்துக்கலாம், அதாவது 2,048. இதே அளவுக்கு லெட் ஆசிட் போட்டா நாலு பேட்டரி, 110 கிலோவுக்கு மேல. லித்தியம் இருபது, இருபத்தஞ்சு கிலோவுல முடிஞ்சுடும். டிரக் கேம்பர்ல இது ரொம்ப முக்கியம். மொத்த வீடும் டிரக்கின் முதுகுலதான் உட்கார்ந்திருக்கு. வண்டி தாங்குற எடைக்கு ஓர் எல்லை உண்டு.

ஆனா லித்தியத்துக்கு ஒரு வீக்னஸ். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதுல சார்ஜ் ஏத்தக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாப் படிஞ்சு செல்லே கெட்டுப்போகும். அதனால குளிர்ல சார்ஜைத் தானே நிறுத்துற பி.எம்.எஸ். உள்ள பேட்டரியா வாங்கி, வெளிப்பெட்டியில வைக்காம, வீட்டுக்குள்ள சீட்டுக்கு அடியில வெச்சோம். நமக்குக் குளிராத இடத்துல அதுக்கும் குளிராது.

எடுக்கிறது எவ்வளவு, போடுறது எவ்வளவு?

பேட்டரிங்கிறது உண்டியல். போடாம எடுக்க முடியாது. கூரையில 200 வாட் சோலார் பேனல் ரெண்டு. கூரை அவ்வளவுதான் இடம் கொடுத்துச்சு. 400 வாட்னா மணிக்கு 400 கிடைக்கும்னு கனவு காணாதீங்க. படுக்கையா வெச்ச பேனலுக்கு அரிசோனாவின் டிசம்பர்ல நாளைக்கு 3 மணி நேர முழு வெயில்னு கணக்கு வெச்சோம். அழுக்கு, சூடு, வயர்னு கால் பங்கு போயிடும். 400 × 3 × 0.75 = 900. தேவை 1,200. துண்டு விழுறது 300.

அந்த 300-ஐ டிரக்கின் ஆல்டர்னேட்டர் தரணும். இந்தத் தடவை நேரா வயர் இழுக்கலை. நடுவுல 30 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர். இன்ஜின் ஓடும்போது மட்டும் வேலை செய்யும். இன்ஜின் நின்னா ரெண்டு பேட்டரிக்கும் உறவு கட். மணிக்குக் கிட்டத்தட்ட 400 வாட்-அவர் தள்ளும். அதாவது, ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினா துண்டு விழுந்தது சரியாயிடும். ஏன் 30 ஆம்பியர், ஏன் 400 வாட்னு கேட்டா இப்போ எங்ககிட்ட பதில் இருந்தது. போன தடவை கடைக்காரர்கிட்டதான் பதில் இருந்தது.

சோலார்லயும் ஒரு பொறி இருக்கு. எங்க பேனல் ஒண்ணொண்ணும் லோடு இல்லாதப்போ 24 வோல்ட். ரெண்டையும் சீரியஸ்ல போட்டா 48. ‘50 வோல்ட் வரை தாங்கும் கன்ட்ரோலர் போதுமே’ன்னு வாங்கியிருந்தா தொலைஞ்சோம். குளிர் ஏற ஏற பேனலின் வோல்டேஜும் ஏறும். 25 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 சதவிகிதம். மைனஸ் 10-ல 48 என்பது 53 ஆயிடும். பனி பெய்ஞ்ச மறுநாள் காலை, பளிச்சுன்னு சூரியன் வந்த உடனே கன்ட்ரோலர் புகையும். அதனால 100 வோல்ட் தாங்குற எம்.பி.பி.டி. கன்ட்ரோலரா வாங்கினோம்.

வயர் சொல்ற பாடம்

12 வோல்ட்ல ஒவ்வொரு வோல்ட்டும் தங்கம். வீட்டுல 230 வோல்ட்ல 1 வோல்ட் வழியில காணாமப்போனா யாருக்கும் தெரியாது. இங்கே 1 வோல்ட் போனா எட்டு சதவிகிதத்துக்கு மேல அவுட். எங்க பழைய 4 ஸ்கொயர் எம்.எம். வயர், போக 6 மீட்டர், வர 6 மீட்டர். செம்பின் தடை 0.0175. அதை 12-ஆல பெருக்கி 4-ஆல வகுத்தா 0.0525 ஓம். 20 ஆம்பியர் ஓடினா 1.05 வோல்ட் வயர்லயே போச்சு. ஆல்டர்னேட்டர் 14.2 அனுப்பினா பேட்டரிக்கு 13.15-தான் போய்ச் சேரும். நாலு மணி நேரம் ஓட்டியும் பேட்டரி ஏன் நிறையலைன்னு இப்போ புரியுதா? புதுசா 16 ஸ்கொயர் எம்.எம். கேபிள் போட்டோம். 35 ஆம்பியர் போனாலும் நஷ்டம் அரை வோல்ட்டுக்குள்ள. ப்ளஸ், மைனஸ் லக் ரெண்டையும் கிரிம்பிங் டூல் வெச்சு நசுக்கினது அப்பா. இரும்பு ஓரம் வர்ற இடத்துல எல்லாம் ரப்பர் குழாய் மாட்டினதும் அவர்தான்.

கடைசியா ப்யூஸ். இதை அப்பா சொன்னபடியே சொல்றேன்: “ப்யூஸ் சாமானைக் காப்பாத்த இல்ல தம்பி, வயரைக் காப்பாத்த. அடிக்கடி போகுதுன்னு ஒரு இழை போடுற இடத்துல நாலு இழையைச் சுத்தினவன் வீடு எரிஞ்சதை நான் போய்ப் பார்த்திருக்கேன்.”

அதனால வயரோட தடிமனைப் பார்த்துத்தான் ப்யூஸ் அளவு. வயர் பழுக்கிறதுக்கு முன்னாடி ப்யூஸ் உருகணும். பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்துல வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்துல வைக்கணும். ரெண்டு பேட்டரிக்கு நடுவுல போற வயருக்கு ரெண்டு முனையிலயும் வேணும். நடுவுல எங்கே ஷார்ட் ஆனாலும் ரெண்டு பக்கத்திலிருந்தும் கரன்ட் பாயுமே! இன்னொண்ணு, வீட்டு ஏ.சி. லைனுக்கான எம்.சி.பி.யைக் கொண்டுபோய் இங்கே மாட்டாதீங்க. ஏ.சி. நொடிக்குப் பல தடவை பூஜ்யத்தைத் தொட்டுட்டுப் போகும், அதுல தீப்பொறி அணைஞ்சுடும். டி.சி. பூஜ்யத்தையே தொடாது. பொறி நின்னு எரியும். ‘டி.சி.’ன்னு போட்டதாப் பார்த்து வாங்கணும்.

2020 ஜனவரியில மறுபடியும் அதே காடு. தரையெல்லாம் பனி. படுக்கிறப்போ மீட்டர் 95 சதவிகிதம் காட்டுச்சு. ராத்திரி மூணு மணிக்கு எனக்குத் தானா முழிப்பு வந்துடுச்சு. காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டேன். ‘உஸ்ஸ்’... ஹீட்டர் ஓடிக்கிட்டு இருந்தது. பார்த்தா, இருட்டுல அப்பாவும் முழிச்சுக்கிட்டு அதே சத்தத்தைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தார்.

“லோடு எவ்வளவு தம்பி?”

“ஆயிரத்து இருநூறு, அப்பா.”

“சரி, தூங்கு.”

காலையில மீட்டர் 64 சதவிகிதத்துல நின்னுது. டிரக் முதல் சாவியிலேயே உறுமுச்சு.

இப்போ உங்களுக்கு ஒரு வேலை. டிரக் கேம்பர் நமக்கு ரொம்பத் தூரம்தான். ஆனா வீட்டுலயோ, ரூம்லயோ ஒரு இன்வெர்ட்டர் இருக்கும் இல்லையா? அதன் பேட்டரியில 150 ஆம்பியர்-அவர்னு எழுதியிருந்தா, 12-ஆல பெருக்கி, பாதியை மட்டும் எடுத்துக்கங்க. 900. உங்க ஃபேன், லைட், லேப்டாப் சார்ஜர் எல்லாத்துக்கும் அந்த மூணு காலத்தைப் போட்டுப் பாருங்க. அடுத்த பவர் கட்ல எத்தனை மணிக்கு இருட்டாகும்னு முன்கூட்டியே எழுதி சுவத்துல ஒட்டிடுங்க. அப்படியே பேட்டரி பக்கத்துல ப்யூஸ் எங்கே இருக்குன்னும் கண்ணால ஒரு தடவை பார்த்துடுங்க. கையை உள்ளே விட வேண்டாம், பார்த்தா போதும். இல்லேன்னா வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க. ‘சும்மா இருங்கப்பா’ன்னு மட்டும் சொல்லிடாதீங்க!

அடுத்த வாரம் பார்ப்போமா?